திருவருகைக் காலப் பிரசங்கம்: முதன்முதலாக ஆயத்தம் செய்பவருக்கு

மட்டக்களப்பில் மாரி மழை பிடிக்கிற நேரத்தில்தான் திருவருகைக் காலமும் தொடங்குகிறது. வாவி நிரம்பும், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் பெரும்போக வேளாண்மை பச்சையாக எழும்பி நிற்கும், பாடசாலைகளில் ஒளி விழாவுக்குப் பிள்ளைகள் பாட்டுப் பழகுவார்கள். சபைகளிலும் வேலை கூடிவிடும். ஒரு போதகரின் பொறுப்பில் இரண்டு மூன்று ஆலயங்கள் இருந்தால் ஒரே ஞாயிறு காலையில் எல்லாவற்றிலும் அவரால் நிற்க முடியாது. "தம்பி, வாற ரெண்டாம் ஞாயிறு நீங்க செய்தி குடுங்க" என்று ஒரு வாலிபரிடமோ, ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவரிடமோ பொறுப்பு வந்து சேரும். அப்படிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, வேதாகமத்தைத் திறந்து வைத்தபடி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன்.

கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருக்களுக்கும் தியாக்கோன்களுக்கும் உரிய பணி. ஆனாலும் வார்த்தை வழிபாடு நடத்துபவர்கள், அன்பியக் (அயலவர் சிறு குழுக்களின்) கூட்டங்களில் வாசகத்தை விளக்குபவர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் எல்லாருக்கும் இருப்பது ஏறக்குறைய இதே வேலைதான். ஆகவே சபை வேறுபாடு பார்க்காமல் வாசிக்கலாம்.

முதலில் காலத்தைப் பற்றிக் கொஞ்சம். நத்தாருக்கு (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு) முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். நவம்பர் 30 இல் வரும் புனித அந்திரேயா திருநாளுக்கு மிகக் கிட்டிய ஞாயிறுதான் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27 க்கும் டிசம்பர் 3 க்கும் இடையில் வரும். திருச்சபையின் புதிய ஆண்டு இந்த ஞாயிறோடு பிறக்கிறது.

முதல் ஞாயிறுக்குரிய நற்செய்தியைத் திறந்தால் புதியவருக்குத் திகைப்பாக இருக்கும். அங்கே மாட்டுத்தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை. மனுஷகுமாரன் மகிமையோடு வருவது, ஒருவருக்கும் தெரியாத அந்த நாள், விழித்திருக்கச் சொல்லும் கட்டளை ஆகியவைதான் இருக்கும். இரண்டாம் மூன்றாம் ஞாயிறுகளில் யோவான் ஸ்நானகன் வருவார். நான்காம் ஞாயிறில்தான் மரியாளும் யோசேப்பும் வருகிறார்கள். அதாவது வாசகங்கள் உலக முடிவில் தொடங்கி, யோர்தான் நதிக்கரை வழியாக, நாசரேத்து வீட்டுக்குப் பின்னோக்கிப் போகின்றன. வந்தவர் மறுபடி வருவார் என்ற நம்பிக்கையோடு பார்த்தால்தான் அவருடைய பிறப்பின் பொருள் முழுமையாகத் தெரியும் என்பதற்காகவே இந்த ஒழுங்கு. இது விளங்கினால் பாதி வேலை முடிந்துவிட்டது. டிசம்பர் முதல் கிழமையிலேயே குழந்தை இயேசுவைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, நத்தார் அன்று சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கிற நிலையும் வராது.

வாசகங்களை யார் தெரிவு செய்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கத்தோலிக்க திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969 இல், மூன்று ஆண்டுச் சுழற்சி கொண்ட வாசக அட்டவணையை வெளியிட்டது. அதைத் தழுவிப் பல புரட்டஸ்தாந்து சபைகள் சேர்ந்து உருவாக்கிய பொது அட்டவணை 1992 இல் வந்தது. இரண்டும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போகாவிட்டாலும் திருவருகைக் காலத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என்று நற்செய்திகள் சுழலும். யோவான் நற்செய்தி இடையிடையே வரும். எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது இலகு. முதல் ஞாயிறுக்குப் பிறகு வரப்போகும் ஜனவரியின் ஆண்டை எடுத்து மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாவிட்டால் லூக்கா, ஒன்று மிஞ்சினால் மத்தேயு, இரண்டு மிஞ்சினால் மாற்கு. 2025 நவம்பர் 30 இல் தொடங்கியது மத்தேயு ஆண்டு, ஏனென்றால் 2026 ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்.

உங்கள் சபை அட்டவணையைப் பின்பற்றாத சபையாக இருந்தாலும், இந்த நான்கு ஞாயிறுகளுக்காவது அதைப் பின்பற்றிப் பாருங்கள் என்று சொல்வேன். நமக்குப் பிடித்த வசனத்தை நாமே எடுத்தால், நமக்கு ஏற்கனவே தெரிந்ததைத்தான் மறுபடி சொல்வோம். கொடுக்கப்பட்ட வாசகம் நாம் போக விரும்பாத இடத்துக்கும் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும்.

ஒவ்வொரு ஞாயிறுக்கும் நான்கு பகுதிகள்: பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், நற்செய்தி. நான்கையும் பிரசங்கிக்க முயல வேண்டாம். திருவருகைக் காலத்தில் பழைய ஏற்பாட்டு வாசகமும் நற்செய்தியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோலத் தெரிவு செய்யப்பட்டிருக்கும். இவை இரண்டையும் பிரதானமாக வைத்து, மற்ற இரண்டில் எது உதவுகிறதோ அதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மெழுகுதிரி வளையத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று ஞாயிறுக்கு ஒரு தலைப்பு வைத்து மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் பல ஆலயங்களில் இருக்கிறது. அழகான வழக்கம். ஆனால் அந்த வளையம் 1839 இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் யோஹான் விக்கேர்ன் என்ற போதகர், தான் பராமரித்த ஏழைப் பிள்ளைகள் நத்தார் வரைக்கும் நாட்களை எண்ணுவதற்காகச் செய்தது. தலைப்புகள் அதற்கும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. வாசக அட்டவணை அந்தத் தலைப்புகளைப் பார்த்து அமைக்கப்படவில்லை. இரண்டாம் ஞாயிறின் தலைப்பு 'சமாதானம்' என்று வைத்துக்கொண்டு மத்தேயு 3 ஐத் திறந்தால், யோவான் "விரியன் பாம்புக்குட்டிகளே" என்று கத்திக்கொண்டு நிற்பார். தலைப்புக்காக அவருடைய வாயை மூடிவிடாதீர்கள். அவர் சொல்லும் மனந்திரும்புதல் இல்லாமல் சமாதானம் எப்படி வரும் என்று கேட்டுப் பாருங்கள், அதுவே நல்ல பிரசங்கமாகிவிடும்.

ஒரு ஞாயிறை எடுத்துச் செய்து பார்ப்போம்

மத்தேயு ஆண்டின் மூன்றாம் ஞாயிறை எடுக்கிறேன். ஏசாயா 35:1-10, யாக்கோபு 5:7-10, மத்தேயு 11:2-11. நம்முடைய மண்ணுக்கு இவ்வளவு கிட்ட வரும் வாசகங்கள் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான்: சத்தமாக வாசியுங்கள். விளக்கவுரைப் புத்தகத்தைத் தொடாதீர்கள், யூடியூப்பில் மற்றவர்களின் பிரசங்கத்தைத் தேடாதீர்கள். பழைய திருப்புதல் மொழிபெயர்ப்பில் ஒரு தடவை, திருவிவிலியம் மொழிபெயர்ப்பில் ஒரு தடவை வாசித்தால் போதும். வாசிக்கும்போது இடறுகிற இடத்தை, புரியாத இடத்தை, 'இதை ஏன் இங்கே சொல்கிறார்?' என்று தோன்றுகிற இடத்தை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கேள்விகள் இருந்தால்தான் பிரசங்கம் பிறக்கும். எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும் பகுதியைப் பற்றிப் பேசினால் கேட்பவருக்கும் தூக்கம் வரும்.

இந்த மூன்றாம் ஞாயிறில் யாருக்கும் எழ வேண்டிய கேள்வி, யோவான் ஏன் இப்படிக் கேட்கிறார் என்பது. போன ஞாயிறில் வனாந்தரத்தில் நின்று முழங்கியவர், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இப்போது சிறையிலிருந்து ஆளனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள். 'யோவானுக்குச் சந்தேகமே இல்லை, தன் சீஷர்களுக்காகத்தான் கேட்டார்' என்று சொல்லி அவரைக் காப்பாற்றும் விளக்கம் பழைய காலத்திலிருந்தே உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏரோதின் சிறையில் கிடக்கும் ஒரு மனிதன் உண்மையாகவே கேட்கிறான் என்று வாசித்தால்தான் இந்தப் பகுதிக்கு உயிர் வருகிறது.

செவ்வாய், புதன் நாட்களில் பின்னணியைத் தேடலாம். இப்போது விளக்கவுரைகளைத் திறக்கலாம். யோவானை அடைத்துவைத்த இடம் சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டை என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். யோவான் அறிவித்த மேசியாவின் கையில் தூற்றுக்கூடை இருந்தது, பதரை அவியாத நெருப்பினால் சுட்டெரிப்பவராக இருந்தார். இயேசுவோ வரி வசூலிப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஏரோது இன்னும் அரண்மனையில் இருக்கிறான். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

இயேசுவின் பதிலைக் கூர்ந்து பாருங்கள். 'ஆம், நான்தான்' என்று அவர் நேராகச் சொல்லவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று நடக்கிறதைச் சொல்கிறார். இவை ஏசாயா 35 இலிருந்தும் 61 இலிருந்தும் வரும் சொற்கள். இந்த இடத்தில் அந்த இரண்டு அதிகாரங்களையும் திறந்து, இயேசு எடுத்துக்கொண்டதையும் எடுக்காமல் விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏசாயா 35:4 இல் தேவன் பதிலளிக்க வருவார், நீதியைச் சரிக்கட்டுவார் என்று இருக்கிறது. இயேசு அதைச் சொல்லவில்லை. ஏசாயா 61:1 இல் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று இருக்கிறது, அதையும் சொல்லவில்லை. கேட்டவரோ சிறையில் இருக்கிறார். தன்னைப் பற்றிய அந்த ஒரு வரிக்காக யோவான் காது கொடுத்திருப்பார். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்" என்ற வார்த்தைதான் வந்தது. மத்தேயு 14 வரைக்கும் வாசித்தால் யோவானுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும்.

இந்தப் பகுதியை மட்டக்களப்பு, அம்பாறையில் பிரசங்கிப்பவர் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகவோ கணவனுக்காகவோ இன்னமும் காத்திருக்கிறவர்கள் நம் ஆலய வாங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான் யோவானின் கேள்வி. அவர்களைப் பார்த்து, 'விசுவாசமாயிருங்கள், கட்டாயம் திரும்பி வருவார்கள்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த வாக்கை இயேசு யோவானுக்கே கொடுக்கவில்லை. அதேபோல 'போனதை மறந்துவிடுங்கள்' என்று சொல்லவும் உரிமை இல்லை. யோவான் கேட்டதை இயேசு குற்றமாக எடுக்கவில்லை. ஆட்கள் போன பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் ஒருவனும் எழும்பினதில்லை என்று சொன்னார். கேள்வி கேட்டவரைத்தான் அப்படிச் சொன்னார். இதைச் சத்தமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்க வேண்டியவர்கள் அங்கே இருப்பார்கள்.

பெயர்களைச் சொல்லாதீர்கள். "நம்முடைய சபையில் ஒரு தாய் இருக்கிறா" என்று தொடங்கினாலே எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். ஒருவருடைய துக்கத்தை, அவர் சம்மதம் இல்லாமல், நம் பிரசங்கத்துக்கு உதாரணமாக எடுப்பது தவறு.

சரி, இனி யாக்கோபு. "இதோ, பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடையவேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்." வெளியே வயலில் தண்ணீர் நிற்கும்போது இந்த வசனத்தை வாசிக்கும் வாய்ப்பு உலகத்தில் எத்தனை சபைகளுக்குக் கிடைக்கும்! ஆனால் இங்கே நிதானம் வேண்டும். பாலஸ்தீனத்தில் முன்மாரி ஒக்டோபர், நவம்பரில் பெய்து, காய்ந்து இறுகிய நிலத்தை உழவுக்கு இளக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில், கோதுமை முற்றுவதற்குச் சற்று முன் பெய்து மணியை நிறைக்கும். இரண்டுமே ஆசீர்வாதம். நம்முடைய பெரும்போகத்திலோ விதைப்புக்கு மழை வேண்டும், கதிர் பழுத்த பிறகு வந்தால் நாசம். தையிலும் மாசியிலும் வெட்டுக்கு நிற்கிற வேளாண்மையில் மழை அடித்தால் கதிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்துவிடும். 'பின்மாரிக்காகக் காத்திருக்கிறான்' என்று நீங்கள் வாசித்தால், பின்வரிசை வாங்கில் இருக்கும் வயதான விவசாயி ஒருவர் 'எங்கட வயலுக்கு அது வரவேகூடாதே' என்று மனதுக்குள் நினைப்பார். இரண்டு வாக்கியத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் அவர் உங்களோடு வருவார். சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்.

அவர் கூட வந்த பிறகு, காத்திருத்தல் என்றால் என்னவென்று அவரே மற்றவர்களுக்குச் சாட்சியாகிவிடுவார். விதைத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கிற விவசாயி யாரும் இல்லை. வரம்பு பார்க்க வேண்டும், புல்லுப் பிடுங்க வேண்டும், பசளை போட வேண்டும், யானை வருகிற பக்கங்களில் இரவு முழுக்கப் பரணில் இருந்து காவல் காக்க வேண்டும். மழையை அவரால் வரவைக்க முடியாது. மழை தவிர்ந்த எல்லாவற்றையும் அவர்தான் செய்ய வேண்டும். யாக்கோபு சொல்லும் பொறுமை அப்படிப்பட்டது. அடுத்த வசனங்களில் அவர் "ஒருவருக்கொருவர் விரோதமாய் முறையிடாதிருங்கள்" என்கிறார். நீண்ட நாள் காத்திருக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரோடுதான் முதலில் கோபித்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வாவிக்குக் கிழக்கே, கடலோரம் மீன்பிடிக்கிற எழுவான்கரைச் சபையாக இருந்தால் இந்த வயல் விவரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வாடைக்காற்றில் தோணி கடலுக்குப் போக முடியாமல் கரையில் கிடக்கிற மாதங்கள் இவை. அவர்களுடைய காத்திருத்தலுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன: கடன், அடகு, வலை கட்டுதல். பிரசங்கம் செய்யப் போகிற ஊர் எது என்று முதலே தெரிந்துகொண்டு, அங்கே ஒருவரோடு கதைத்துப் பார்ப்பது எந்த விளக்கவுரையைவிடவும் உதவும்.

வியாழக்கிழமை, இவ்வளவு சேர்த்ததையும் ஒரே வாக்கியமாக்குங்கள். இந்த ஞாயிறுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'யோவானின் சிறைக்கதவு திறக்கவில்லை, ஆனாலும் அவருடைய கேள்விக்கு இயேசு பதில் அனுப்பினார்.' உங்களுக்கு வேறு வாக்கியம் வரலாம். எதுவானாலும், அதற்கு உதவாத எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். நல்ல கதையாக இருந்தாலும் சரி, தேடிக் கண்டுபிடித்த மக்கேருஸ் கோட்டையாக இருந்தாலும் சரி. இதுதான் புதியவருக்குக் கடினமான வேலை. தேடிய எல்லாவற்றையும் சொல்லிவிட ஆசை வரும். மிஞ்சியதைக் கொப்பியில் வைத்திருங்கள், மூன்று ஆண்டுக்குப் பிறகு அதே வாசகம் திரும்பி வரும்.

தண்ணீரைப் பற்றிய வாசகங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மத்தேயு ஆண்டின் முதல் ஞாயிறில் நோவாவின் ஜலப்பிரளயம் வருகிறது: ஜனங்கள் புசித்தும் குடித்தும், பெண்கொண்டும் பெண்கொடுத்தும் இருந்தார்கள், ஜலம் வந்து அனைவரையும் வாரிக்கொண்டுபோகும் வரைக்கும் உணராதிருந்தார்கள். லூக்கா ஆண்டின் முதல் ஞாயிறில், "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்." வேறு நாட்டில் இவற்றை வாசிப்பவருக்கு இது ஒரு படிமம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையை நாவலடியிலும் கல்லடியிலும், காரைதீவிலும் கல்முனையிலும் கண்டவர்களுக்கு இது நடந்த சம்பவம். இலங்கையில் அதிக உயிர்களைச் சுனாமிக்குக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. அதற்கும் முன்னே, 1978 நவம்பர் 23 இன் சூறாவளியை நினைவு வைத்திருக்கிற பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த வாசகங்களை எடுத்து, 'பார்த்தீர்களா, மனந்திரும்பாவிட்டால் இப்படித்தான்' என்று பயமுறுத்தும் பிரசங்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அது கொடுமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வேதமே அதை அனுமதிக்கவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும் விடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். லூக்கா 13 இல் இருக்கிறது. நோவாவின் பகுதியிலும் அந்த ஜனங்களின் பாவப் பட்டியலை இயேசு சொல்லவில்லை. சாப்பிட்டார்கள், குடித்தார்கள், கலியாணம் செய்தார்கள். எல்லாம் சாதாரண வாழ்க்கை. அந்தச் சாதாரண நாளின் நடுவில்தான் தேவன் வருவார், ஆகவே இன்றைய நாளை விழிப்போடு வாழுங்கள் என்பதுதான் அங்கே உள்ள அழைப்பு. லூக்காவில் அலை முழங்கும் வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளி வருவது, "நீங்கள் நிமிர்ந்துபார்த்து, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" என்ற கட்டளை. கடலைப் பற்றிய வசனத்தை வாசித்துவிட்டு இதை வாசிக்காமல் நிறுத்துவது பாதிச் சுவிசேஷம்.

வருகையின் நாளைக் கணக்குப்போட்டுச் சொல்பவர்களும் இந்தக் காலத்தில் கூடுவார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற மத்தேயு 24:36 ஐ நிறுத்தி, நிதானமாக வாசித்தால் போதும்.

தீர்க்கதரிசிகளின் முதல் கேட்போர்

பழைய ஏற்பாட்டு வாசகத்தில் புதியவர்கள் வழக்கமாக ஒரே பாய்ச்சலில் பெத்லகேமுக்குப் போய்விடுகிறார்கள். ஏசாயா 7 ஐ எடுத்தால், அது முதலில் ஆகாஸ் என்ற ராஜாவுக்குச் சொன்ன வார்த்தை. கிறிஸ்துவுக்கு முன் 735 அளவில் சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமைத் தாக்க வந்தபோது, காட்டில் மரங்கள் காற்றில் அசைவதுபோல அவனுடைய இருதயம் அசைந்தது என்கிறது வேதம். அந்தப் பயத்தின் நடுவே, ஒரு பிள்ளை பிறக்கும், இம்மானுவேல் என்று பேரிடப்படும் என்ற அடையாளம் கொடுக்கப்பட்டது. அந்தப் பயத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு மத்தேயு 1 இல் யோசேப்பின் பயத்துக்கு வாருங்கள். அதே பெயர் அங்கே ஏன் மறுபடி வருகிறது என்பது சபைக்குத் தானாகவே விளங்கும்.

மாற்கு ஆண்டின் இரண்டாம் ஞாயிறில் வரும் ஏசாயா 40 உம் அப்படித்தான். "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்ற வார்த்தையைக் கேட்டவர்கள் பாபிலோனுக்கு இடம்பெயர்க்கப்பட்டவர்கள். வீடு வாசல் இழந்து, ஊர் திரும்ப முடியுமா என்று தெரியாமல் இருந்தவர்கள். 2006, 2007 இல் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்து, பிறகு காடுபற்றிய வளவுகளுக்குத் திரும்பிப்போன மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பாபிலோனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசாமல், இரண்டு நிமிடம் பேசுங்கள்.

சமாதானத்தைப் பற்றிய வாசகங்களிலும் கவனம் வேண்டும். ஏசாயா 2 இல் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்றும், ஏசாயா 11 இல் ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும் என்றும் வருகிறது. முப்பது வருடப் போரைக் கண்ட, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில், ஒரே றோட்டைப் பகிர்ந்து வாழ்கிறோம். இந்த வசனங்களை வைத்து யார் ஓநாய் என்று விரல் நீட்டுவது மிக இலகு. ஏசாயாவோ பட்டயத்தைப் பற்றிச் சொன்ன அடுத்த வசனத்தில், "யாக்கோபின் வம்சத்தாரே, கர்த்தரின் வெளிச்சத்திலே நடப்போம் வாருங்கள்" என்று தன் சொந்த ஜனத்தைத்தான் முதலில் கூப்பிடுகிறார். பிரசங்கியாரும் அந்த வரிசையையே பின்பற்ற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எழுதுவதும் பேசுவதும்

வெள்ளிக்கிழமை முழுவதையும் எழுதுங்கள். குறிப்பு மட்டும் வைத்துப் பேசுவது அனுபவம் உள்ளவர்களுக்குச் சரிவரும். புதியவர் முழுவதும் எழுதி, சனிக்கிழமை நின்றுகொண்டு சத்தமாக வாசித்துப் பார்த்து, நாக்கு இடறுகிற வாக்கியங்களை மாற்றி, பிறகு அதிலிருந்து குறிப்பு எடுப்பதுதான் நல்லது. வேதாகமத் தமிழை வாசகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கம் நீங்கள் வீட்டில் பெரியவர்களோடு மரியாதையாகக் கதைக்கிற தமிழில் இருக்கட்டும்.

நேரம் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் போதும். இந்த மாதங்களில் இன்னொரு காரணமும் உண்டு. சிறிய ஆலயங்கள் பலவற்றுக்குக் கூரை தகரம். மழை அடித்தால் ஒலிவாங்கி இருந்தாலும் குரல் கேட்காது, மின்சாரமும் போய்விடலாம். ஆகவே நீண்ட வாக்கியங்களைக் குறுக்குங்கள். வியாழக்கிழமை எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அப்படியே சொல்லுங்கள். மழைக்குள் மற்றதெல்லாம் தவறிப்போனாலும் அந்த ஒன்றாவது போய்ச் சேரும். மழை மிகவும் பலத்தால் நிறுத்திவிட்டு, சபையோடு ஒரு பாட்டுப் பாடி, மழை தணிந்த பிறகு தொடருங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

ஒளி விழாவில் பேசக் கூப்பிட்டால் இந்தப் பிரசங்கத்தையே கொண்டுபோகாதீர்கள். அங்கே பிற சமயத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் இருப்பார்கள், பிள்ளைகள் நாடக உடுப்போடு மேடைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடமே போதும், நான்காம் ஞாயிறின் மரியாள் அல்லது யோசேப்பின் கதையைச் சொன்னால் சரி.

நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் ஞாயிறு டிசம்பர் 18 க்கும் 24 க்கும் இடையில் வரும். 2023 இல் போல அது 24 இலேயே விழுந்தால், காலையில் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு ஆராதனை, அன்றிரவே நத்தார் ஆராதனை. வாசகங்களும் வேறு, பிரசங்கங்களும் வேறு. இரண்டையும் முந்திய கிழமையே எழுதி வைக்க வேண்டும். எந்த ஆண்டானாலும் 26 ஆம் திகதி சுனாமி நினைவு நாள் வரும். அன்று வாசிக்க ஒரு சங்கீதத்தையும் ஒரு சிறு ஜெபத்தையும் நத்தார் பரபரப்புக்கு முன்பே, நான்காம் ஞாயிறுக்கு ஆயத்தம் செய்கிற கிழமையிலேயே தெரிவு செய்து, போதகரிடம் காட்டிவிடுங்கள்.